பட்டாளத்தில் கற்ற தொழிலுக்கு ஊரில் என்ன மதிப்பு?

சேலம் ஐந்து ரோட்டிலும் நாமக்கல் பரமத்தி சாலையிலும் வங்கி வாசல்களில் காவலுக்கு நிற்பவர்களில் பலர் பட்டாளத்துக்காரர்கள். கல்லூரி கேட், தனியார் மருத்துவமனை, நூற்பாலை, கோழித்தீவன ஆலை என்று எங்கே காவலுக்கு ஆள் கேட்டாலும் முதலில் தேடப்படுவது ‘எக்ஸ் சர்வீஸ்மேன்’தான். அந்த வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவர்களிடம் இரண்டு நிமிடம் நின்று, “பட்டாளத்துல உங்களுக்கு என்ன டிரேடுங்க?” என்று கேட்டுப் பாருங்கள். சிலர் காலாட்படை என்பார்கள். மற்றவர்கள் வெல்டர், எலெக்ட்ரீஷியன், வண்டி மெக்கானிக், மலைப்பாதையில் கனரக வண்டி ஓட்டிய டிரைவர், புல்டோசர் ஆபரேட்டர் என்பார்கள். 15, 17 ஆண்டுகள் ஒரே தொழிலைச் செய்து, அதில் படிப்படியாகத் தேர்வு எழுதித் தேறியவர்கள் இவர்கள்.

நாமக்கல்லில் சற்றுத் தள்ளிப் போனால் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள். வெறும் சேசிஸாக வந்து நிற்கும் வண்டி, வெல்டர், டிங்கர், தச்சர், பெயின்டர், எலெக்ட்ரீஷியன் என்று பல கை மாறி முழு லாரியாக வெளியே போகிறது. நாமக்கல் பாடிக்கு இந்தியா முழுக்கப் பெயர் உண்டு. திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள். அங்கே பூட்டிய ஆழ்துளைக் கருவிகள் வட மாநிலங்களையும் தாண்டி ஆப்பிரிக்கா வரை போய் பூமியைத் துளைக்கின்றன. சங்ககிரி லாரிக்காரர்களின் ஊர். சமையல் எரிவாயு டேங்கர் லாரிகளின் தென்மண்டல உரிமையாளர் சங்கம் நாமக்கல்லில்தான் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் எந்த முதலாளியிடம் பேசினாலும், நம்பி வண்டியை ஒப்படைக்க டிரைவர் கிடைக்கவில்லை, கைத்தொழில் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் முதல் புலம்பல்.

கேட்டுக்கு வெளியே தொழில் தெரிந்தவர் நிற்கிறார். கேட்டுக்கு உள்ளே தொழில் தெரிந்தவரைத் தேடுகிறார்கள். இருவரையும் இணைக்க வேண்டிய ஒரு காகிதம் இல்லை. அந்தக் காகிதம் ஏன் இல்லை, அதை யார் கொடுக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

பட்டாளம் ஒரு தொழிற்பள்ளி

ராணுவம் என்றால் துப்பாக்கி என்று நினைக்கிறோம். துப்பாக்கியைப் பழுதுபார்க்க ஒருவர் வேண்டும், அதை ஏற்றிப் போகும் வண்டியைப் பழுதுபார்க்க இன்னொருவர் வேண்டும், அந்த வண்டி போகப் பாலம் கட்ட நூறு பேர் வேண்டும். வண்டி, ஆயுதம், ரேடார், கருவிகள் அனைத்தையும் பராமரிக்கும் ஈஎம்இ படைப்பிரிவு 1943 அக்டோபர் 15 அன்று உருவானது. வாகன மெக்கானிக், ஆர்மரர், டர்னர், வெல்டர், கருவி மெக்கானிக், பள்ளத்தில் கவிழ்ந்த வண்டியைத் தூக்கி எடுக்கும் ரெக்கவரி மெக்கானிக் என அதற்குள் தனித்தனி டிரேடுகள் உண்டு.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமானது எம்இஜி என்று அழைக்கப்படும் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப். 1780இல் தொடங்கியது. பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது. அதன் வீரர்களை இந்திய ராணுவம் முழுக்க ‘தம்பி’ என்றே அழைக்கிறார்கள். முள்வேலியைத் தகர்க்க உலகமெங்கும் பயன்படுத்தப்பட்ட பெங்களூர் டார்பிடோ, 1912இல் அங்கிருந்த ஒரு அதிகாரியின் கண்டுபிடிப்பு. கொத்தனார், தச்சர், கொல்லர், பிளம்பர், எலெக்ட்ரீஷியன், மண் அள்ளும் இயந்திரம் இயக்குபவர் என்று கட்டுமானத் தொழிலின் அத்தனை கிளைகளும் அங்கே கற்றுத்தரப்படுகின்றன. சேலம், நாமக்கல், தர்மபுரி கிராமங்களிலிருந்து பெங்களூருக்கு ரயில் ஏறிய பிள்ளைகளில் எத்தனையோ பேர் தம்பிகளாகத்தான் திரும்பினார்கள்.

அங்கே தொழில் கற்பது ஏட்டோடு நிற்காது. ஒவ்வொரு படியிலும் டிரேடு டெஸ்ட் உண்டு. தேறினால்தான் அடுத்த வகுப்பு. பழுதான வண்டி பனியில் நின்றுவிட்டால் ஷோரூமுக்கு போன் போட முடியாது. கையிலிருக்கும் சாமானை வைத்து ஓட வைத்தாக வேண்டும். இந்த அனுபவத்தை எந்தக் கல்வி நிலையமும் தர முடியாது.

இவ்வளவையும் கற்ற சிப்பாய் 35 முதல் 40 வயதுக்குள் பெட்டியோடு ஊர் வந்து சேர்கிறார். நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 60,000 பேர் இப்படிப் பணி முடித்து வருகிறார்கள். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வயது அது. வீட்டுக் கடன் பாதியில் நிற்கும். பென்ஷன் வருகிறது, உண்மைதான். ஆனால் நாற்பது வயதுக்காரரை ஓய்வு பெற்றவர் என்று எந்த ஊரில் சொல்வார்கள்? அவருக்கு இன்னும் இருபது ஆண்டு உழைப்பு மிச்சம் இருக்கிறது.

அவர்களுக்காகவே தொடங்கிய அலுவலகம்

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து அட்டையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்த தலைமுறை நம்முடையது. அந்த அலுவலகம் இந்தியாவில் எதற்காகத் தொடங்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போர் முடியும் நேரத்தில் இந்திய ராணுவத்தில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இருந்தார்கள். போர் முடிந்ததும் அவர்களில் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களின் நிலையும் அதுதான். இவர்களுக்கு மறுவாழ்வு தேடித் தருவதற்காக 1945 ஜூலையில் மறுகுடியமர்வு, வேலைவாய்ப்பு இயக்குநரகம் ஒன்றை மத்திய அரசு உருவாக்கியது. வேலைவாய்ப்பு அலுவலகங்கள் அதன் கிளைகளாக முளைத்தன. பொதுமக்கள் அனைவருக்கும் அவை திறந்தது 1948இல்தான்.

தொழில்களுக்கு வகைப்பாடும் எண்ணும் கொடுக்கும் முதல் கையேடும் 1946இல் அதே இயக்குநரகத்திலிருந்துதான் வந்தது. இன்றைய தேசியத் தொழில் வகைப்பாட்டுக்கு அதுவே தாய். முன்னாள் வீரர்களுக்காக அப்போது தொடங்கிய தொழிற்பயிற்சி, பிரிவினைக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களுக்கும் நீண்டது. 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டமாகி, ஐடிஐ என்ற பெயரில் இன்று ஊர் ஊராக நிற்கிறது. 1956 நவம்பரில் இவற்றின் நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது.

வேலைவாய்ப்பு அலுவலகம், தொழில் வகைப்பாடு, ஐடிஐ. இந்த மூன்றும் போரிலிருந்து திரும்பியவனுக்கு வாழ வழி செய்யப் பிறந்தவை. எண்பது ஆண்டுக்குப் பிறகு, பட்டாளத்திலிருந்து திரும்பும் வெல்டரைப் பார்த்து, “ஐடிஐ சான்றிதழ் இருக்கிறதா?” என்று கேட்பதும் இதே அமைப்புதான். இதை வெறும் நிர்வாகத் தாமதம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. பிறந்த நோக்கத்தையே ஓர் அமைப்பு மறந்திருக்கிறது.

ஆண்டுகளுக்கு மதிப்பு, தொழிலுக்கு இல்லை

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்து 15 ஆண்டு சேவை செய்தவரை, பட்டப்படிப்பு கேட்கும் சி பிரிவுப் பணிகளுக்குத் தகுதியுள்ளவராகக் கருதலாம் என்ற விதி 1986 முதல் நடப்பில் இருக்கிறது. பலர் இந்த விதியால் வங்கியிலும் அலுவலகங்களிலும் எழுத்தர்களாகியிருக்கிறார்கள்.

விதியைச் சற்று ஊன்றிப் படியுங்கள். தொழில்நுட்பத் தகுதி அல்லது தொழில்முறைத் தகுதி கட்டாயம் என்று சொல்லும் பணிகளுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அதாவது 15 ஆண்டு டீசல் எஞ்சினோடு வாழ்ந்தவர், இந்த விதியின்படி எழுத்தர் நாற்காலிக்குப் பட்டதாரிக்குச் சமம். ஆனால் டீசல் மெக்கானிக் வேலைக்கு இந்த விதி அவருக்குக் கைகொடுக்காது. அரசு அவருடைய ஆண்டுகளை எண்ணியிருக்கிறது, கையை எண்ணவில்லை.

ராணுவத்துக்கு உள்ளேயே இந்தச் சிக்கலின் நிழல் விழுந்ததுண்டு. ஏழாவது ஊதியக் குழுவின் ஏற்பாட்டில், தொழில்நுட்பம் சார்ந்த எக்ஸ் பிரிவு வீரர்களில், தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏஐசிடிஇ அங்கீகரித்த டிப்ளமோவுக்கு இணையான தகுதி உள்ளவர்களுக்கு மாதம் 6,200 ரூபாய் எக்ஸ் பே, மற்றவர்களுக்கு 3,600 ரூபாய். ஒரு சிவில் அமைப்பின் முத்திரை, சீருடைக்குள் இருக்கும்போதே ஒருவரின் தொழிலுக்கு விலை வைக்கிறது.

ராணுவ டிரேடுகள் எந்தெந்த சிவில் தொழில்களுக்குச் சமம் என்று காட்டும் பட்டியல்களும் இருக்கின்றன. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மறுகுடியமர்வு இயக்குநரகம், டிஜிஆர் என்று வீரர்கள் அழைப்பது, பணியின் கடைசிக் கட்டத்தில் மறுபயிற்சி வகுப்புகளும் நடத்துகிறது. ஆனால் பட்டியலில் இருக்கும் சமம் வேறு, பட்டறை முதலாளி கையில் வாங்கிப் பார்க்கும் சான்றிதழ் வேறு. இணையவழி விண்ணப்பத்தில் ‘ஐடிஐ பதிவு எண்’ என்ற கட்டம் வந்து நிற்கும்போது அந்தப் பட்டியலால் உதவ முடியாது.

டிரைவருக்கு மட்டும் ஒரு கதவு

இத்தனை மூடிய கதவுகளுக்கு நடுவே ஒன்று திறந்திருக்கிறது. அது நாமக்கல்லுக்கு மிகவும் தேவையான கதவு. ராணுவ வண்டி ஓட்டுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 18ஆம் பிரிவின் கீழ் தனி உரிமம் தரப்படுகிறது. அதை வைத்துக்கொண்டு வெளியார் வண்டியை ஓட்ட முடியாது. ஆனால் அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: 18ஆம் பிரிவு உரிமம் வைத்திருப்பவர், அல்லது முன்பு வைத்திருந்தவர், அதே வகை வண்டிக்கு சிவில் உரிமம் கேட்டால், ஓட்டிக் காட்டும் தேர்வு அவருக்குத் தேவையில்லை.

சாதாரணமாக ஒருவர் லாரி ஓட்ட வேண்டுமென்றால் என்ன பாடு என்று நினைத்துப் பாருங்கள். முதலில் கார் உரிமம், அதற்குப் பிறகு ஓராண்டு காத்திருப்பு, பிறகு பழகுநர் உரிமம், டிரைவிங் ஸ்கூல் சான்று, ஆர்டிஓ மைதானத்தில் தேர்வு. பட்டாளத்து டிரைவரின் திறமையைச் சட்டம் மதித்து, அந்தத் தேர்வைத் தள்ளுபடி செய்திருக்கிறது. வருத்தம் என்னவென்றால், இந்தப் பிரிவைத் தெரிந்துகொள்ளாமலேயே புதிதாகப் பணம் கட்டி, பழகுநராக வரிசையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். பட்டாளத்திலிருந்து கிளம்பும்போது உரிமப் புத்தகத்தைப் பத்திரமாக வாங்கி வராதவர்களும் உண்டு. ராணுவ உரிமத்தில் எழுதியிருக்கும் வண்டி வகை, சிவில் வகையோடு பொருந்த வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

எரிவாயு டேங்கருக்கு இது மட்டும் போதாது. ஆபத்தான பொருள் ஏற்றும் வண்டிக்குத் தனியாக மூன்று நாள் பயிற்சி முடித்து உரிமத்தில் பதிய வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது ஒரு நாள் மறுபயிற்சி. இது இருக்க வேண்டியதுதான். எரிவாயு வண்டி கவிழ்ந்தால் ஊரே பதறும். பட்டாளத்தில் எரிபொருளும் வெடிமருந்தும் ஏற்றிப் பழகியவருக்கு இந்தப் பாதுகாப்புப் பாடம் புதிதாக இருக்காது. மூன்று நாளில் முடித்துக் கையில் வாங்கிவிடலாம்.

அமெரிக்காவிலும் லாரிக்கு ஆள் பஞ்சம் உண்டு. அவர்கள் 2011இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். ராணுவத்தில் கனரக வண்டியை இரண்டு ஆண்டு பாதுகாப்பாக ஓட்டியவர், பணியிலிருந்து வந்த குறிப்பிட்ட காலத்துக்குள் விண்ணப்பித்தால், வணிக வாகன உரிமத்துக்கான ஓட்டுத் தேர்வை மாநிலங்கள் தள்ளுபடி செய்யலாம். நம் சட்டத்தில் அதற்கு முன்பே, 1988லேயே இந்தச் சலுகை இருந்தது. அவர்கள் கூடுதலாகச் செய்தது ஒன்றுதான்: அதைப் படைமுகாமுக்குள்ளேயே விளம்பரப்படுத்தி, லாரி நிறுவனங்களை அங்கே அழைத்துப் போனார்கள். நம் லாரி உரிமையாளர் சங்கங்கள், பெங்களூரில் இருக்கும் ஏஎஸ்சி என்ற ராணுவ சப்ளை, போக்குவரத்துப் பிரிவின் மையத்துக்கு ஒருமுறை போய் வந்தால் என்ன? சேலத்திலிருந்து ஐந்து மணி நேரப் பயணத்துக்குள் இந்தியாவின் முக்கியமான ராணுவ டிரைவர் பயிற்சி மையம் இருக்கிறது.

வயரும் ஊசியும்

டிரைவருக்குக் கிடைத்த சட்டப் பாதுகாப்பு எலெக்ட்ரீஷியனுக்குக் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் மின் பணி செய்ய கம்பியாள், மேற்பார்வையாளர் என்று தகுதிச் சான்றுகள் தேவை. மின் உரிம வாரியம் அவற்றை வழங்குகிறது. அதே நேரத்தில் நம் மாநிலத்திலேயே அருமையான ஒரு முன்மாதிரி இருக்கிறது. வேலைவாய்ப்பு, பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு ஐடிஐ படிப்பு கட்டாயம் இல்லை. ஒயரிங் தொழிலில் ஐந்தாண்டு அனுபவம் இருந்தால் எழுதலாம். கையில் தொழில் இருந்தால் போதும், வந்து செய்து காட்டு, சான்று தருகிறோம் என்பதுதான் அந்தத் தேர்வின் அடிப்படை. அகில இந்தியத் தொழிற்தேர்வை, அனுபவத் தகுதி உள்ளவர்கள் தனித்தேர்வராக எழுதவும் வழி உண்டு.

இந்த வழியைப் பட்டாளத்து டிரேடுகள் அனைத்துக்கும் அகலப்படுத்தினால் என்ன? சேலத்திலும் மேட்டூரிலும் நாமக்கல்லிலும் அரசு ஐடிஐக்கள் இருக்கின்றன. லேத் இருக்கிறது, வெல்டிங் செட் இருக்கிறது, ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மாவட்டத்துக்கு ஒரு முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை இவர்கள் ஒன்றுகூடி டிரேடு டெஸ்ட் நடத்தி, தேறியவருக்குத் தகுதிச் சான்று வழங்க முடியும். புதுக் கட்டடம் வேண்டாம், பெரிய நிதி வேண்டாம். ஓர் அரசாணை வேண்டும்.

எல்லாத் தொழிலுக்கும் கண்ணை மூடிக்கொண்டு சான்று கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மருத்துவப் படைப்பிரிவின் நர்சிங் உதவியாளரை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டடி பட்டவருக்கு ரத்தம் நிறுத்தத் தெரியும், தையல் போடத் தெரியும், எல்லைச் சாவடியில் மருத்துவர் வரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கத் தெரியும். ஆனால் ஊர் மருத்துவமனையில் பிரசவமும் முதியோர் நோயும் குழந்தைக் காய்ச்சலும் அன்றாடம். நர்சிங் கவுன்சில் எச்சரிக்கையாக இருப்பதில் நியாயம் இருக்கிறது. அதற்காக அவரைப் பூஜ்யத்திலிருந்து மூன்றாண்டு படிக்கச் சொல்வதில் நியாயம் இல்லை. தெரிந்ததைக் கழித்து, தெரியாததை மட்டும் சொல்லித்தரும் ஓர் இணைப்புப் படிப்பு போதும். கப்பற்படையிலிருந்து வணிகக் கப்பலுக்கும், விமானப்படையிலிருந்து சிவில் விமானப் பராமரிப்புக்கும் போகிறவர்களுக்கு இந்த வகை ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. விமான மெக்கானிக்கின் விமானப்படை அனுபவத்தை ஏற்றுக்கொண்டு, சிவில் விமானத்தில் கூடுதலாகக் கொஞ்ச காலம் வேலை பார்த்து வரச் சொல்கிறார்கள். உயிரைப் பணயம் வைக்கும் விமானத்திலேயே முடிகிற காரியம் இது.

திரும்பி வரப்போகும் அக்னிவீரர்கள்

இந்தப் பேச்சை இப்போதே பேச வேண்டிய காரணம் ஒன்று உண்டு. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த முதல் பிள்ளைகள் 2022 இறுதியிலும் 2023 ஜனவரியிலும் பயிற்சி முகாம்களுக்குள் நுழைந்தார்கள். நான்கு ஆண்டு சேவை. அவர்களில் 25 சதவீதம் பேர் வரை தொடர்ந்து பணியில் வைத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் 2026 முடிவிலும் 2027 தொடக்கத்திலும் ஊர் திரும்பும் கணக்கு. அவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. சேவா நிதி என்று ஒரு தொகை மட்டும் மொத்தமாகக் கையில் வரும். வயது 21லிருந்து 27க்குள்.

பென்ஷன் வாங்கும் நாற்பது வயது ஹவில்தாருக்குச் சான்றிதழ் இல்லாதது மனக்குறை. பென்ஷன் இல்லாத இருபத்து மூன்று வயது இளைஞனுக்கு அது வாழ்க்கைச் சிக்கல். நல்லவேளையாக அவர்கள் விஷயத்தில் அரசு சற்று முன்யோசனை காட்டியிருக்கிறது. பணியில் இருக்கும்போதே படிக்க இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மூன்றாண்டுப் பட்டம் ஒன்றை அறிவித்தது. அதன் மதிப்புப் புள்ளிகளில் பாதி, பட்டாளத்தில் பெற்ற தொழிற்பயிற்சிக்கே தரப்படும். பத்தாம் வகுப்போடு சேர்ந்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்று பெறவும் வழி செய்திருக்கிறார்கள். பட்டாளத் தொழிலை ஒரு பல்கலைக்கழகமே புள்ளியாக எண்ணலாம் என்று இங்கே ஒப்புக்கொண்டாகிவிட்டது. அப்படியானால் பதினேழு ஆண்டு செய்தவரின் தொழிலை எண்ணுவதற்கு இன்னும் என்ன தடை?

பெற்றோர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேவா நிதி வந்த கையோடு மனை வாங்கவும் பழைய லாரி வாங்கவும் ஊரில் யோசனை சொல்பவர்கள் நிறையப் பேர் வருவார்கள். அதற்கு முன் பிள்ளையிடம் இருக்கும் பயிற்சிச் சான்றுகளை எண்ணிப் பாருங்கள்.

சேலத்தின் முறை

2018 மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, 2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் பெருவழியில் ஐந்து முனையங்கள் உண்டு: சென்னை, ஓசூர், கோயம்புத்தூர், திருச்சி, சேலம். துருப்பிடிக்காத எஃகு தயாரிக்கும் ஆலை சேலத்தில் இருக்கிறது, பட்டறைகள் நாமக்கல்லில் இருக்கின்றன, மின்சாரத்துக்கு மேட்டூர் இருக்கிறது. ராணுவத்துக்கு உதிரிபாகம் செய்யப்போகும் ஆலைக்கு, அந்த உதிரிபாகத்தைப் பனிமலையில் கழற்றி மாட்டியவரை விட நல்ல தரப் பரிசோதகர் எங்கே கிடைப்பார்? இங்கே வரும் தொழிற்சாலைகளோடு அரசு ஒப்பந்தம் போடும்போதே, முன்னாள் படைவீரர்களின் டிரேடு சான்றை ஐடிஐக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாம்.

மாநில அரசின் டெக்ஸ்கோ நிறுவனம் 1986 முதல் ஆயிரக்கணக்கான முன்னாள் படைவீரர்களுக்கு வேலை தந்திருக்கிறது. அது பல குடும்பங்களுக்கு அடுப்பெரிய வைத்த நிறுவனம். ஆனால் தந்த வேலையில் பெரும்பகுதி காவல் பணி. வெல்டர்களையும் மெக்கானிக்குகளையும் ஆபரேட்டர்களையும் தனிப் பட்டியலாக வைத்து, தொழில் நிறுவனங்களுக்கு அனுப்பும் பிரிவு ஒன்றை டெக்ஸ்கோ சேலத்திலேயே சோதனையாகத் தொடங்கலாம். சொந்தமாகத் தொழில் தொடங்க விரும்புபவர்களுக்கு 2024 சுதந்திர தினத்தில் அறிவிக்கப்பட்ட ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம் இருக்கிறது. ஒரு கோடி ரூபாய் வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டிப் பட்டறை போட இது தாராளமாகப் போதும்.

இனி, பட்டாளத்திலிருந்து இந்த ஆண்டு வரப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிஸ்சார்ஜ் புக்கில் உங்கள் டிரேடும் வகுப்பும் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று படைப்பிரிவை விட்டுக் கிளம்புமுன் பாருங்கள். முடித்த ஒவ்வொரு கோர்ஸுக்கும் சான்று கேட்டு வாங்குங்கள். டிரைவராக இருந்தால் 18ஆம் பிரிவு உரிமத்தைக் கையோடு கொண்டுவாருங்கள். ஊர் வந்ததும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதியும்போது ‘எந்த வேலையும்’ என்று எழுதாதீர்கள். உங்கள் தொழிலின் பெயரை எழுதுங்கள்.

பட்டறை, ஆலை, லாரி முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நாளை ஒரு முன்னாள் படைவீரர் வேலை கேட்டு வந்தால், காவல் வேலை காலியாக இருக்கிறது என்று சொல்வதற்கு முன் அவருடைய டிஸ்சார்ஜ் புக்கை வாங்கி, டிரேடு என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். வெல்டர் என்று இருந்தால், ஒரு ராடைக் கையில் கொடுத்து வெல்டிங் வைக்கச் சொல்லிப் பாருங்கள்.